வலது துடுப்பு

இது நடந்தது. எனக்கு இல்லை, அண்ணிக்கு.

"கூட்டிச் சொல்லக் கூடாது. குறைச்சும் சொல்லக் கூடாது. சம்மதம்னா கேளு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் எனக்கு இதைச் சொன்னாள். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் அவள். கரண்ட் போனால் மெழுகுவத்தியைத் தேட மாட்டாள், மீட்டர் பெட்டியைத் திறப்பாள். எதைக் கழற்றிப் பார்த்தாலும் காரணம் உள்ளே இருக்கும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளே இந்த ஒரு விஷயத்தில் கையை விரித்துவிட்டாள்.

அவள் எனக்கு அண்ணி முறை இல்லை. அவளுடைய நாத்தனார் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்கு வீட்டில் பூனை என்று பெயர். பக்கத்தில் வந்து நின்றால்கூட வந்தது தெரியாது.

நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் இவர்களைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். இருவரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். திரையில் ஓடுவதெல்லாம் பூனையின் வேலை. கையில் பிடிப்பதெல்லாம் அண்ணியின் வேலை. அதற்காகப் பூனை நல்ல வேலை ஒன்றை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆட்டம் ரொம்ப எளிமை. பனி மூடிய ஒரு ஏரி. ஒரு படகு. அதில் இரண்டு பேர். பேசிக்கொள்ளாமலே அக்கரை போய்ச் சேர வேண்டும். பட்டனை அமுக்கி ஆடினால் அரை நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். அதனால் அண்ணி நிஜத் துடுப்பையே கன்ட்ரோலராக்கிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

ஆள் நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பிளைவுட் மேடை. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், இரண்டுமே திரையைப் பார்த்தபடி. முன் இருக்கைக்கு இடது துடுப்பு, பின் இருக்கைக்கு வலது துடுப்பு. ஒவ்வொரு துடுப்பின் கழுத்திலும் ஒரு சின்ன சென்சார். துடுப்பு எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இருவரும் ஒரே தாளத்தில் போட்டால் படகு நேராகப் போகும். ஒருவர் மட்டும் போட்டால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

தண்ணீரின் கனம் கையில் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அண்ணி படாத பாடு பட்டாள். ஸ்பிரிங் போட்டாள், துடுப்பு துள்ளியது. பிரேக் கட்டை போட்டாள், துருப்பிடித்த கேட்டைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கடைசியில் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, முறுக்கி, துடுப்பின் அச்சில் கட்டினாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி... தண்ணி!" என்றாள்.

அண்ணிக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேடையில் மோட்டார் கிடையாது. தானாக அசையக்கூடிய பொருள் எதுவுமே கிடையாது. ஒரு கை இழுத்தால்தான் துடுப்பு வரும்.

இடத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்பீர்கள். வரிசையாக இருக்கும் கடைகளில் கடைசியில் இருந்ததை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் ஷட்டர், பக்கவாட்டில் சந்துப் பக்கமாக ஒரு கண்ணாடிக் கதவு. முன்பு அது காகிதக் கிடங்கு, அதற்கும் முன்பு சிமெண்ட் மூட்டை அடுக்கிய இடம். அங்கே யாரும் சாகவில்லை. விசாரித்தாயிற்று. பக்கத்தில் ஏரியும் இல்லை, குளமும் இல்லை. மரம் கடையில் வாங்கிய புது மரம். துடுப்பு அண்ணி தன் கையாலேயே செதுக்கியது.

விநோதமான கன்ட்ரோலர்களுக்கென்றே நடக்கும் ஒரு கண்காட்சிக்கு இவர்கள் ஆட்டம் தேர்வாகியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை. பூனை பல் டாக்டரிடம் போயிருந்தாள். அண்ணி தனியாக முன் இருக்கையில் உட்கார்ந்து இடது துடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தனி ஆள், ஒரே துடுப்பு. படகு வட்டமடிக்க வேண்டும்.

படகு நேராகப் போயிற்று.

நிறுத்தினாள். அதுவும் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி நேராகப் போயிற்று. வலது துடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

"கணக்குல பூனை எங்கேயோ கோட்டை விட்டிருக்கா" என்று சிரித்துக்கொண்டாள்.

மதியம் பூனை வீங்கிய கன்னத்தோடு வந்து, "காட்டுங்க" என்றாள். அண்ணி உட்கார்ந்து இழுத்தாள். படகு அழகாக வட்டமடித்தது.

"காலையில சத்தியமா நேரா போச்சு."

"உங்களுக்குத் தூக்கம் போதலை அண்ணி."

ஆனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு அசைவையும் சேர்த்து வைத்திருந்தது. பூனை காலையில் பதிவானதைத் திறந்தாள். இடது துடுப்புக்குச் சிவப்புக் கோடு, வலதுக்கு நீலக் கோடு. சிவப்பு மலை மலையாக ஏறி இறங்கியிருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்தங்கி, நீலமும் ஏறி இறங்கியிருந்தது.

"பார்த்தீங்களா? நீங்க இழுத்த அதிர்ச்சி பலகை வழியா அந்தச் சென்சாருக்குப் போயிருக்கு. அவ்வளவுதான்" என்றாள் பூனை.

நியாயமான காரணம். அண்ணி இருக்கைகளுக்கு அடியில் ரப்பர் வைத்தாள். மறுநாள் தனியாக உட்கார்ந்தாள்.

நேராகத்தான் போயிற்று.

வலது துடுப்பைக் கயிற்றால் மேடையோடு சேர்த்துக் கட்டினாள். நேராகப் போயிற்று. சென்சாரை மாற்றிப் புதிது போட்டாள். நேராகப் போயிற்று. யாராவது கூட நின்று பார்த்தால் மட்டும் சமர்த்தாக வட்டமடித்தது. டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகும் வயிற்றுவலி மாதிரி.

இருந்தாலும் கோடுகள் பொய் சொல்லவில்லை. துடுப்பு போடுவதும் நடையைப் போலத்தான், ஆளுக்கு ஆள் வேறுபடும். அண்ணி வெடுக்கென்று இழுத்துச் சட்டென்று விடுவாள். சிவப்புக் கோடு கத்தி முனை போல இருக்கும். நீலக் கோடு அப்படி இல்லை. நீளமாக, நிதானமாக எழுந்து, இறங்குவதற்கு முன் ஒரு கணம் அப்படியே நின்றது.

பலகை அதிர்ச்சி இப்படி நிதானமாக இருக்காது. அது அண்ணிக்குத் தெரியும். பூனைக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணியின் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். ஒரு மாலை சாவி கொடுக்க வந்தவர், திரையில் இருந்த கோடுகளை எட்டிப் பார்த்தார்.

"சிவப்பு யாரு?"

"நான்."

"நீலம் யாரு? நல்லா பழகின ஆளு மாதிரி இருக்கே."

"யாரும் இல்ல."

"சம்பளம் கேட்காத ஆளா? விட்றாதீங்க, வச்சுக்கோங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றிரவு அண்ணி எல்லா நாள் பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதல் நாள் நீலம் சிவப்புக்குப் பின்தங்கி வந்தது. மறுநாள் அந்த இடைவெளி குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைவு.

அவள் தாளத்தை யாரோ கற்றுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் கடையில் ஒரு தையல்காரம்மா. நாள் முழுக்க அவருடைய மிஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். வீடியோ கேம் பக்கமே தலைவைக்காத ஒருவர் ஆடிப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வந்த நேரம், கண்காட்சிக்கு மேடையை ஏற்றிப் போக வாடகை பேச வந்த வண்டிக்காரரோடு இவர்கள் இருவரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நீங்க உட்கார்ந்து பாருங்கக்கா, இதோ வர்றோம்" என்று அண்ணி அவரை உள்ளே அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அக்கரை வரைக்கும் போயிட்டோம்."

"போயிட்டீங்களா? தனியாவா?" என்றாள் பூனை.

"தனியா எங்க போறது? கூட இருந்தவங்கதான் நல்லா ஈடு கொடுத்தாங்க."

அண்ணியும் பூனையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூட இருந்தது யாரு, அக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆளுதானே. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், பதிலே இல்ல. பேசாமதான் ஆடணும்னு நீங்க சொன்னீங்களே, அதான் நானும் விட்டுட்டேன்."

உள்ளே யாரும் இல்லை. ஷட்டர் மூடியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் இவர்கள் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பயம் வந்தால் சில பேர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சில பேர் சண்டை போடுவார்கள். இவர்கள் சண்டை போட்டார்கள்.

"உன் கணக்குலதான் ஓட்டை இருக்கு. இல்லாத துடுப்பை அது தானா போட்டுக்குது."

"கணக்கு ஒழுங்காத்தான் இருக்கு. உங்க பேரிங்கைப் பாருங்க, உங்க ஒயரைப் பாருங்க."

"என் ஒயரா பேசாம கூட வந்து உட்காருது?"

"அப்ப என் கணக்கு உட்காருதா? உங்களை நம்பித்தான் அண்ணி வேலையை விட்டேன். எனக்கு இதைத் தவிர ஒண்ணும் இல்ல இப்ப."

"நான் விடச் சொன்னேனா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கணமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. பூனை லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து போனாள். எப்போதும் சத்தமில்லாமல் போகிறவள், அன்றைக்குக் கதவு அதிரப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

மதியம் சாய்ந்து நாலு மணி இருக்கும். நல்ல வெயில். கண்ணாடி வழியாக வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று அண்ணி எழுந்தாள்.

ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறியை நிறுத்தினாள். வலது துடுப்பின் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவித் தரையில் போட்டாள். இனி அந்தத் துடுப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வெறும் காற்றுதான்.

முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இடது துடுப்பைப் பிடித்தாள். இழுத்தாள்.

படகு வட்டமடித்தது.

இன்னொரு தடவை இழுத்தாள். இன்னொரு வட்டம். அண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒயர்! இவ்வளவு நாளும் பாழாய்ப்போன ஒயர்தான். அதற்குப்போய் அந்தப் பெண்ணை நோகடித்தோமே என்று நினைத்தாள். உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரே ஒரு வட்டம் பார்த்துவிட்டு...

கிரீச்...

இருக்கை சத்தம்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. அங்கே சத்தமில்லாமல் வருகிறவள் ஒருத்திதானே.

"பூனையா? வந்துட்டியா? கோபம் இன்னும் போகலையா? சரி, நான் பேசினதுதான் தப்பு. காரணம் கண்டுபிடிச்சுட்டேன். உட்காரு, காட்டறேன்."

மேடை மெல்லத் தாழ்ந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு.

அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். பயமே இல்லை, சந்தோஷமாக இருந்தது என்றாள். துடுப்பை இழுத்தாள். வட்டமடித்துக்கொண்டிருந்த படகின் மூக்கு நின்றது. நிமிர்ந்தது. நேராகப் போகத் தொடங்கியது.

நாங்கள் இருவரும் இவ்வளவு நன்றாகச் சேர்ந்து போட்டதே இல்லை என்று நினைத்தாள். இடைவெளியே இல்லை. இரண்டு துடுப்பும் ஒரே மூச்சாக இறங்கி, ஒரே மூச்சாக எழுந்தன. நீளமான இழுப்பு. கடைசியில் ஒரு கணம் நிற்பது. பிறகு விடுவது...

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அது அவளுடைய தாளம் இல்லை. வெடுக்கென்று இழுக்கிற அவளுடைய கை, நீலக் கோட்டைப் போல இழுத்துக்கொண்டிருந்தது.

கண் தானாகத் தரைக்குப் போயிற்று.

ஒயர் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"பூனை... பூனை, ஏதாவது பேசு."

தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. சந்தில் வண்டிச் சத்தம் இல்லை. எதுவுமே இல்லை.

சளக்...

சளக்...

தண்ணீர். துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம். ஸ்பீக்கர் பிளக் சுவரோரம் கழன்று கிடந்தது.

படகு அக்கரையைத் தாண்டியது.

ஆட்டம் அங்கே முடிந்துவிட வேண்டும். அதற்கு அப்பால் பூனை எதையும் வரையவில்லை. கரை இல்லை, மரம் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

படகு அந்தச் சாம்பலுக்குள் போயிற்று.

அண்ணி நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை. விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை.

இழுப்பு. ஒரு கணம். விடுவது.

இழுப்பு. ஒரு கணம். விடுவது.

மூச்சு கேட்டது.

அவளுடையது இல்லை. ரொம்பப் பக்கத்தில். ஈரமான, பொறுமையான மூச்சு.

துடுப்பின் தாளத்துக்கு...

"அண்ணி."

கண்ணாடிக் கதவுப் பக்கமிருந்து வந்தது குரல். பூனையின் குரல். நிஜமான பூனை.

"அண்ணி, துடுப்பை விடுங்க."

"முடியல..."

"விடுங்க. விட்டுட்டு எழுந்து வாங்க. எங்கிட்ட வாங்க."

கிரீச்...

"திரும்பாதே."

பூனையின் குரல் தாழ்ந்தது.

"திரும்பாதே... திரும்பாதே..."

அண்ணி திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். விரல்கள் விட்டன. மேடையிலிருந்து பக்கவாட்டில் உருண்டு விழுந்தாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அது சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நம்பித்தான் போனேன் என்றாள் என்னிடம்.

வெளியே வெயில். தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

தையல்காரம்மா இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதன்பிறகு மிஷினை நிறுத்தவே இல்லை. நிறுத்த வேண்டாம் என்று அண்ணிதான் கேட்டுக்கொண்டாள்.

"நீ எப்படி வந்தே?" என்றாள் அண்ணி.

"வீட்டுல மனசு கேட்கலை. தப்பு எங்கிட்டதான்னா கண்டுபிடிச்சுடலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். பட்டறையில ஓடறது அதுலயும் தெரியும்ல... ரெண்டு கோடும் ஓடிட்டிருந்துச்சு."

"நான் வலது ஒயரைப் பிடுங்கிட்டேன்."

"தெரியும். கதவுகிட்ட நின்னப்ப தரையில பார்த்தேன்."

"வேற என்ன பார்த்தே?"

பூனை தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் பார்க்கலை அண்ணி."

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணியும் அவளைக் குடையவில்லை. அண்ணிக்கு வலது தோள்பட்டை மட்டும் ஒரு வாரம் விண்விண்ணென்று தெறித்தது.

மேடையை அண்ணியின் கணவரும் வண்டிக்காரரும் சேர்ந்து வெளியே எடுத்துவந்தார்கள். அண்ணி பட்டப்பகலில், நடுச் சந்தில் வைத்து அதை இரண்டாக அறுத்தாள். ஓர் இருக்கையை எடுத்துவிட்டு, இரண்டு துடுப்பையும் ஒரே ஆள் போடுகிற மாதிரி மாற்றினாள். பூனை மூன்று நாள் கண்விழித்து ஆட்டத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதினாள். கண்காட்சியில் அவர்கள் மேடை முன்னால் கூட்டம் நின்றது. பெரியவர்கள்கூடக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே ஏறி, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அங்கேயே ஒரு நிறுவனம் கைகொடுத்தது. அண்ணி மட்டும் கடைசிவரை அந்த இருக்கையில் உட்காரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ அசதி, ஏதோ மனப்பிரமை என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடித்தும் விட்டாள். அதோடு ஒரு வருஷம் நிம்மதியாகவும் இருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். வீட்டில் மூவரும் சாப்பாட்டு மேஜையில் திருகாணிகளைக் கொட்டி, அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பூனை ஏதோ துடுக்காகச் சொல்ல, அண்ணியின் கணவர் சிரித்தார்.

"இவ உனக்குக் கொஞ்சமாவது மரியாதை கொடுக்கறாளா?"

"ஐயோ, அதுல குறையே சொல்ல முடியாது" என்றாள் அண்ணி. "வந்த நாள்லேருந்து வாங்க, போங்கதான். ஒரே ஒரு தடவைதான் தவறிடுச்சு. அன்னைக்குப் பட்டறையில. பயத்துல மரியாதையெல்லாம் காத்துல போச்சு. 'திரும்பாதே, திரும்பாதே'ன்னு என்னைப் போய்..."

பூனையின் கை நின்றது.

"நான் உங்களைச் சொல்லலை அண்ணி."

"வேற யாரைச் சொன்னே? பின் சீட்டுல இருந்ததைத் திரும்பிப் பார்க்காதேன்னு..."

"பின் சீட்டுலயா?" பூனை நிமிர்ந்து பார்த்தாள். "பின் சீட்டுல நீங்கதானே இருந்தீங்க."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இல்ல பூனை. நான் முன் சீட்டுலதான் உட்கார்ந்தேன். இடது துடுப்பு."

"கதவுலேருந்து ரெண்டு சீட்டும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீங்க பின்னாடி இருந்தீங்க. வலது துடுப்பு உங்க கையில இருந்துச்சு. உங்களைத்தான் எழுந்து வாங்கன்னு கூப்பிட்டேன். நான் கூப்பிட்ட சத்தம் கேட்டு, முன்னாடி உட்கார்ந்திருந்தது உங்க பக்கம் கழுத்தைத் திருப்ப ஆரம்பிச்சுது. அதுகிட்டதான் சொன்னேன்."

அன்றைக்குத் தன் கண்ணுக்கும் அந்தத் திரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று அண்ணி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.